ஒரு கைப்பேசியில் ஏழு பேர்

மின்படிவம் உருவாக்கும் மென்பொருள் கருவியை மாற்றப் போகிறார்கள் என்றும், சந்தையில் உள்ள கருவிகளை ஒப்பிட்டு அட்டவணை தயாரிக்கும் வேலை உங்களிடம் வந்திருக்கிறது என்றும் கேள்விப்பட்டேன். நம் தோட்ட நிறுவனத்தின் மெர்கோங் தலைமை அலுவலகத்தில் என் பழைய நாற்காலியில் இப்போது உங்களில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். பணி ஓய்வு பெற்றுப் பாடாங் செராயில் வீட்டோடு இருக்கும் என்னிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. கேட்காமலேயே சொல்கிறேன். கோபமாகத்தான் சொல்வேன். கோபத்தைக் குறைத்து ஒரு முறை எழுதிப் பார்த்தேன். படித்தபோது யாருக்கும் எதுவும் நடக்காதது போல இருந்தது. அதைக் கிழித்துவிட்டு, அந்த நாட்களின் நாட்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

போன முறை நடந்த ஒப்பீட்டின் கடைசிச் சுற்றில் இரண்டு கருவிகள் மிஞ்சின. பெயர்கள் வேண்டாம். திரையின் நிறத்தை வைத்து நாங்கள் நீலம், மஞ்சள் என்றே சொல்லிக்கொள்வோம்.

நீலத்தில் படிவம் செய்வது சுகமான வேலை. கேள்வியை இழுத்து வந்து வைத்தால் போதும், படிவம் தயார். மேலதிகாரிகளுக்கு வண்ண வண்ணமாக வரைபடம் காட்டும். மஞ்சள் முரட்டுக் கருவி. ஒரு கேள்வியைச் சேர்க்க நாலு திரை தாண்ட வேண்டும். பார்க்கவும் லட்சணமாக இருக்காது. ஆனால் ஒருவர் நிரப்பி அனுப்பி முடித்ததும் "அடுத்தவர் யார்?" என்று கேட்டு, புதிய படிவத்தைத் திறந்து வைக்கும். ஒப்பீட்டுக் கூட்டத்தில் இருந்தவர்களுக்கு அது வேண்டாத தொல்லையாகத் தெரிந்தது.

அட்டவணையின் வரிசைகளைக் கேளுங்கள். படிவம் எவ்வளவு விரைவில் தயாராகும்? மாதிரிப் படிவங்கள் உண்டா? தரவுத்தளத்தோடு இணையுமா? நிரல் எழுதத் தெரியாத அதிகாரியும் செய்ய முடியுமா? எல்லாம் உருவாக்குகிறவருக்கான கேள்விகள். நிரப்புகிறவருக்கென்று அடியில் ஒரே ஒரு வரிசை: "பயன்படுத்த எளிது." அந்தக் கட்டத்தில் விற்பனையாளரின் கையேட்டில் இருந்த வாக்கியத்தை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார்கள்.

இன்னொரு வரிசையும் இருந்தது: "இரட்டைப் பதிவைத் தடுக்கும் வசதி." அதில் நீலத்துக்கு முழு மதிப்பெண். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எங்கள் பிரிவுத் தலைவர் பாலா. என்னைவிட வயதில் இளையவர், கெட்டிக்காரர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். இயக்குநர்கள் முன்னிலையில் அவரே நீலத்தைத் திறந்து, அவர்களுக்கு வைத்த தேநீர் ஆறுவதற்குள் ஒரு படிவத்தைச் செய்து காட்டினார். தோட்டத்தில் களைக்கு மருந்தடிக்கும் பெண்களுக்கான வாரச் சுகாதாரப் படிவம் அது. மூச்சுத் திணறல் உண்டா, கண் எரிச்சல் உண்டா, தோலில் புண் உண்டா, மூக்கில் ரத்தம் வந்ததா என்று கேட்கும். ஒரே தொல்லையை ஒருவர் இரண்டு வாரம் தொடர்ந்து சொன்னால் தோட்ட அலுவலகத்துக்குத் தகவல் போகும்; உடனே அவரை மருந்தடிக்கும் வேலையிலிருந்து எடுத்து மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். நல்ல விதி. விதியில் குறையில்லை.

இயக்குநர்கள் கை தட்டினார்கள். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது பாலாவிடம் சொன்னேன். "வாங்குறதுக்கு முன்னால ஒரு வெள்ளிக்கிழமை கரங்கான் பக்கம் நம்ம தோட்டத்துக்குப் போவோம். அவங்க நிரப்புறத நின்னு பார்த்துட்டு வந்துரலாம்."

"எதுக்குக்கா?"

"நிரப்பப் போறவங்க அவங்கதானே."

"அக்கா, அந்தப் பொம்பளைங்க எல்லாரும் ஹேன்போன்ல நாள் பூரா வீடியோ பாக்குறாங்க. நாலு பட்டன் அமுக்குறதுல என்ன சூசா, என்ன கஷ்டம்?"

விண்ணப்பமாக எழுதியும் கொடுத்தேன். "கால அவகாசம் இல்லை" என்று குறிப்புப் போட்டுத் திரும்பி வந்தது. நீலம் வாங்கப்பட்டது. சில மாதங்கள் எல்லாம் அமைதியாக ஓடின. வாராவாரம் வரைபடம் வந்தது. அதில் கரங்கான் தோட்டத்துக்கான கட்டம் எப்போதும் பச்சையாகவே இருந்தது. புகார் ஏதுமில்லை என்பதற்குப் பச்சை. எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்பதற்கு அந்த வரைபடத்தில் இடமே கிடையாது. மாதிரிப் படிவத்தோடு வந்த வரைபடம் அது. அதை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு ஒரு திங்கட்கிழமை பாலா என் மேசைக்கு ஒரு தாளோடு வந்தார். கரங்கான் தோட்டத்தில் சரோஜா என்ற பெண் மருந்து பம்பைத் தூக்க மாட்டேன் என்று கீழே வைத்துவிட்டாள். கண் தெரியவில்லை, மூக்கில் ரத்தம் வருகிறது, பல வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்கிறாள். கட்டளையை மீறியது, பொய்ப் புகார் சொன்னது என்று இரண்டு குற்றங்கள் சாட்டி உள் விசாரணை வைத்திருக்கிறார்கள். குற்றம் உறுதியானால் வேலை போகும். வேலை போனால் தோட்டத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

தாளில் இருந்தது இவ்வளவுதான்: அவள் பெயரில் எந்தப் புகாரும் கணினி முறைமையில் பதிவாகவில்லை. கீழே, பதிவுகளுக்குப் பொறுப்பாளர் என்ற முறையில் என் கையெழுத்துக்கு இடம்.

"ஒரு சைன்தானே அக்கா. வியாழக்கிழமை விசாரணை."

முறைமையைத் திறந்து பார்த்தேன். சரோஜா பெயரில் எந்த வாரமும் எதுவும் இல்லை. அந்தத் தோட்டத்தின் மருந்தடிக்கும் கூட்டத்தில் ஏழு பேர். ஒவ்வொரு வாரமும் ஒரே ஒரு பதில், அதுவும் எப்போதும் ராணி என்ற பெண்ணின் பெயரில்: எல்லாம் நலம்.

"ஏழு பேர்ல ஒருத்தர் மட்டும்தான் பதில் சொல்லியிருக்காங்க. இது உங்களுக்கு வித்தியாசமா தெரியலையா?"

"மத்தவங்க சோம்பேறி. நிரப்பல."

"கேட்டீங்களா?"

"கம்ப்யூட்டர் என்ன சொல்லுதோ அதுக்குத்தானே கையெழுத்துக் கேக்குறேன்? பொய்க்கா கேக்குறேன்?"

"பொய்னு சொல்லல பாலா. தெரியலன்னு சொல்றேன்."

"பென்ஷன் வாங்கப் போற நேரத்துல இது உங்களுக்குத் தேவையாக்கா?" என்றார். மிரட்டுவது போல இல்லாமல் அக்கறையோடு கேட்பது போலக் கேட்டார். அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

கையெழுத்துப் போடவில்லை. அடுத்த நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, விடியும் முன் காடியைக் கிளப்பிக் கரங்கான் போனேன். பெரட்டுக்கு, அதாவது காலை வருகைப் பதிவுக்கு, ஆட்கள் வந்து நிற்கும் நேரம். வருகை எடுத்து வேலையை மேற்பார்க்கும் மண்டோர் என்னைப் பார்த்ததும் கையில் இருந்த தேநீர்க் குவளையை மறைத்தார். தலைமை அலுவலகத்திலிருந்து யார் வந்தாலும் அவருக்கு அப்படித்தான் போலிருக்கிறது. மருந்தடிக்கும் பெண்கள் லாரிக்குப் பக்கத்தில் தனியாக நின்றார்கள். சரோஜாவை வேலைக்கு எடுக்கவில்லை. ஆனாலும் பெரட்டுக்கு வந்து ஓரமாக நின்றிருந்தாள். வராமல் இருந்தால் அதையும் ஒரு குற்றமாக எழுதிவிடுவார்கள் என்ற பயம்.

நான் யார் என்று சொன்னேன். வாரப் படிவத்தை நிரப்பினாளா என்று கேட்டேன்.

"நிரப்புனேன்கா. ஒரு வெள்ளிக்கிழமை கூட விடல."

"உன் போன்லயா?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். "அவ போனா? அது பெல் அடிச்சாலே மூச்சு வாங்கும்லா," என்றாள் ஒருத்தி.

"பிலோமினா அக்கா போன்லதான்," என்றாள் சரோஜா. "எல்லாருமே அதுலதான். மருந்து பட்டுக் கெட்டுப் போகும்னு நாங்க யாரும் போன் கொண்டாறதில்ல. அவங்க மட்டும் பிளாஸ்டிக்ல சுத்தி லாரியில வச்சிருப்பாங்க. கூட்டத்துக்கு ஒரு போன் போதும்னு மண்டோரும் சொல்லிட்டாரு."

பிலோமினா கூட்டத்தில் மூத்தவர். கழுத்தில் ஜெபமாலையும் இடுப்பில் சாவிக் கொத்துமாக இருந்தார். எப்படி நிரப்புவீர்கள் என்று கேட்டேன்.

"வேல முடிஞ்சு லாரி ஏறுனதும் நான் எடுப்பேன்மா. போராங்ல கேள்வி எல்லாம் மலாய்ல இருக்கும். நான் சத்தமா வாசிச்சுத் தமிழ்ல கேப்பேன். அவங்கவங்க சொல்றத அமுக்குவேன். ஒருத்தி முடிஞ்சா அடுத்தவ."

"நியூஸ் வாசிக்கிற மாதிரி வாசிப்பாங்க," என்றாள் ராணி. கூட்டத்திலேயே இளையவள் அவள்தான். "லாரி டிரைவருக்குக் கூட யாருக்கு என்ன நோவுன்னு தெரியும்."

"இவளுக்குப் போன மாசம் வயித்தால போனது வரைக்கும் ஊருக்கே தெரியும்மா," என்றார் பிலோமினா.

"அக்கா, அத ஏன் இங்க சொல்றீங்க."

யார் முதலில் சொல்வது என்று கேட்டேன். சரோஜாதான் எப்போதும் முதல். அவள் மகன் பாடாங் செராய்த் தமிழ்ப் பள்ளியிலிருந்து வரும் வேன் அந்த நேரத்துக்குத்தான் தோட்ட வாசலுக்கு வரும். லாரி அங்கே நின்றதும் அவள் இறங்கிவிடுவாள். கடைசி ராணி. அவள் வீடு கடைசி லயத்தில்.

பிலோமினாவின் கைப்பேசியை வாங்கி, சும்மா ஒரு பெயரைப் போட்டுப் படிவத்தை அனுப்பினேன். திரையில் பெரிய பச்சைக் குறி வந்தது. அடியில் சிறிய எழுத்தில், மலாயில்: உங்கள் பதில் பெறப்பட்டது. இன்னொரு பெயரைப் போட்டு மறுபடி அனுப்பினேன். அதே பச்சைக் குறி. அடியில்: உங்கள் பதில் புதுப்பிக்கப்பட்டது.

புரிந்துவிட்டது. நீலக் கருவிக்குக் கைப்பேசிதான் ஆள். அதே கைப்பேசியிலிருந்து அந்த வாரத்தில் இன்னொரு பதில் வந்தால், அதே ஆள் தன் பதிலைத் திருத்துகிறார் என்று எடுத்துக்கொண்டு, முந்தையதை அழித்துவிட்டுப் புதியதை வைக்கும். அட்டவணையில் முழு மதிப்பெண் வாங்கிய இரட்டைப் பதிவுத் தடுப்பு இதுதான். சரோஜா சொன்னதை அடுத்தவள் அழித்தாள், அவள் சொன்னதை அதற்கடுத்தவள் அழித்தாள், கடைசியில் ராணியின் "எல்லாம் நலம்" மட்டும் மெர்கோங் வந்து சேர்ந்தது. வாராவாரம் ஏழு பெண்கள் ஒரு பச்சைக் குறியைப் பார்த்துத் தங்கள் பேச்சு போய்ச் சேர்ந்தது என்று நம்பி வீட்டுக்குப் போனார்கள்.

நான் அவர்களிடம் அதைச் சொல்லவில்லை. வியாழக்கிழமை வரை சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். முன்கூட்டிச் சொன்னால், நான் சொல்லிக் கொடுத்துப் பேச வைத்தேன் என்பார்கள். சரோஜா ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். சொல்லாமல் காடியில் ஏறியது எனக்குக் கடினமாக இருந்தது.

பாலாவைத் தொலைபேசியில் அழைத்து விவரத்தைச் சொன்னேன்.

"அடுத்த வாரம் நீலத்தோட ஒப்பந்தம் புதுப்பிக்க போர்டு மீட்டிங் இருக்குக்கா. இது இப்போ வெளிய வரணுமா?"

"அந்தப் பொண்ணுக்கு வியாழக்கிழமை விசாரணை."

"அத வேற மாதிரி பேசி முடிச்சுக்கலாம். வார்னிங்கோட விட்டுரச் சொல்றேன்."

"என்ன தப்புக்கு வார்னிங்?"

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

விசாரணை தோட்ட அலுவலகத்தில் நடந்தது. மூன்று அதிகாரிகள், வேறு தோட்டத்து நிர்வாகி ஒருவர் தலைவர். பேச்செல்லாம் மலாயில். நான் நிறுவனத்தின் சாட்சி. பாலாவும் வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தார். சரோஜா கைகளை மடியில் வைத்துக்கொண்டு எதிரில் இருந்தாள். அவளுக்குத் துணையாகப் பிலோமினா.

பதிவு சரியானதுதானா என்று தலைவர் என்னைக் கேட்டார்.

"பதில் சொல்வதற்கு முன் நீங்கள் மூவரும் அந்தப் படிவத்தை ஒரு முறை நிரப்ப வேண்டும்" என்றேன்.

"அக்கா, இது தேவையில்லாத வேல," என்று பாலா தமிழில் முணுமுணுத்தார். தலைவருக்கு என்ன தோன்றியதோ, கையை நீட்டினார். என் கைப்பேசியில் படிவத்தைத் திறந்து கொடுத்தேன். முழங்கால் வலி என்று நிரப்பினார், நிஜமாகவே இருந்ததாம். அனுப்பிவிட்டுப் பக்கத்தில் இருந்த மனிதவள அதிகாரியிடம் நீட்டினார். அந்த அம்மாள் தலைவலி என்று போட்டுவிட்டு, "இந்த விசாரணையால்" என்று சொல்லிச் சிரித்தார். மூன்றாமவர் எதுவும் இல்லை என்று போட்டார். மூன்று பேரும் பச்சைக் குறியைப் பார்த்தார்கள்.

மடிக்கணினியில் பதிவைத் திறந்து அவர்கள் பக்கம் திருப்பினேன். மூன்றாமவரின் பெயர் மட்டும் இருந்தது. நலமாக இருந்தார்.

தலைவர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுத் திரையைப் பார்த்தார். "என்னுடையது எங்கே?"

"இல்லை, துவான். அழிந்துவிட்டது."

மனிதவள அதிகாரி சட்டென்று நிமிர்ந்தார். "அப்படியானால் இந்தப் பெண்கள் தவறாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒரு கைப்பேசிக்கு ஒருவர் என்பதுதானே முறை."

என் குரல் உயர்ந்தது. அதற்காக நான் வருந்தவில்லை. "அந்த முறை படிவத்தில் எங்கே எழுதியிருக்கிறது? இப்போது நீங்களும் அப்படித்தானே செய்தீர்கள்? நான் ஒரு கைப்பேசியைத்தான் கொடுத்தேன். கைமாற்றிக் கைமாற்றி நிரப்பினீர்கள். மூன்று பேர் சட்டைப்பையிலும் கைப்பையிலும் தனித்தனிக் கைப்பேசி இருக்கிறது. ஒருவரும் அதை எடுக்கவில்லை, ஒருவரும் கேட்கவில்லை. உங்களுக்குத் தோன்றாதது அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டுமா?"

பிலோமினாவை அழைத்து, லாரியில் சரோஜா என்ன சொன்னாள் என்று தலைவர் கேட்டார். அவர் சொன்னார். பிறகு ராணியையும் மற்றவர்களையும் ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: முதலில் கண் எரிச்சல், பிறகு மங்கல், அதன் பிறகு மூக்கில் ரத்தம். சத்தமாக வாசித்துக் கேட்டதால் எல்லார் காதிலும் அது விழுந்திருந்தது. நிறுவனத்தின் முறைமையில் மட்டும்தான் அது இல்லை.

குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. சரோஜாவைக் கூலிமில் கண் மருத்துவரிடம் அனுப்பினார்கள். முதலிலேயே வந்திருக்க வேண்டும் என்றாராம் அவர். இடது கண் தெளிந்தது. வலது கண்ணில் மங்கல் நின்றுவிட்டது. இப்போது நாற்று மேட்டில் வேலை செய்கிறாள். வேலையும் வீடும் இருக்கின்றன.

இதோடு முடிந்திருந்தால் உங்களுக்கு இதை எழுதியிருக்க மாட்டேன். அடுத்த வாரம் இயக்குநர்கள் நீலத்தின் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். பாலாவின் அறிக்கையில் இருந்த முடிவு: பயனர்களுக்குக் கூடுதல் பயிற்சி தேவை. பெரட்டுக் களத்துப் பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள்: ஒரு போன், ஒரு ஆள். கைப்பேசி கொண்டுவர முடியாத இடத்தில், கைப்பேசி கொண்டுவராத பெண்களுக்கு அந்த அறிவிப்பு. பயிற்சி வேண்டியது யாருக்கு என்று கேட்டு நான் எழுதிய குறிப்புக்கு இன்றுவரை பதில் இல்லை.

ஆகவே உங்கள் அட்டவணையை இயக்குநர்கள் அறையில் வைத்து நிரப்பாதீர்கள். உருவாக்குகிறவருக்கு மிச்சமாகும் நேரமும் நிரப்புகிறவர் இழப்பதும் ஒரே தராசில் வைக்கக்கூடியவை அல்ல. இரண்டுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டிச் சராசரி பார்த்தால், கெட்ட கருவியும் நல்ல கருவியாகிவிடும். எந்தக் கருவியாக இருந்தாலும், படிவம் எங்கே நிரப்பப்படுமோ அங்கே போய் நில்லுங்கள். கைப்பேசி யார் கையில் இருக்கிறது, அது யாரிடம் மாறுகிறது என்று பாருங்கள். "நேரம் இல்லை" என்று தலைவர் சொன்னால் அதை அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். மஞ்சளைத்தான் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அடுத்தவர் யார் என்று கேட்கத் தெரிந்த ஒன்றை வாங்குங்கள்.

விசாரணை முடிந்த அன்று, தோட்ட அலுவலகத்துக்கு வெளியே காடிக் கதவைத் திறக்கப் போனபோது சரோஜா ஓடி வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன். அவள் நன்றி சொல்லவில்லை. நான் அதற்கு லாயக்கான நிறுவனத்திலிருந்து வரவும் இல்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம நான் சொன்னேனே, அதெல்லாம் இப்போ எங்க இருக்கு? தேடி எடுக்க முடியுமா?"

"எடுக்க முடியாது சரோஜா."

"எங்கயாவது ஒரு மூலையில கூடவா இருக்காது?"

அந்தக் கருவியின் வரைபடம், இணைப்பு, மாதிரிப் படிவம் எல்லாவற்றையும் நான் அறிவேன். அவள் கேட்டது மட்டும் அதில் எங்கும் இல்லை. இருக்காது என்று தலையாட்டினேன். அவள் வலது கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, பிலோமினா நின்ற பக்கம் திரும்பி நடந்தாள்.